காலி நாற்காலிக்கு ஓர் அறிமுகம்

எழுபதுகளில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தட்டச்சுப் பயிலகம் வைத்திருந்தேன். காலையும் மாலையும் பிள்ளைகள் வந்து டக்டக்கென்று தட்டுவார்கள். நடுப்பகலில் ஈ ஓட்டுவேன். அந்தச் சும்மா இருக்கிற நேரத்தைப் பார்த்துத்தான் எங்கள் ஊர் சேவைச் சங்கத்தார் என்னை உள்ளே இழுத்துப் போட்டார்கள். சங்கத்தில் மற்றவர்கள் ரத்தம் கொடுத்தார்கள், பள்ளிக்குக் கூரை போட்டார்கள், வெள்ளம் வந்தால் சோறு கட்டினார்கள். நான் பேசினேன். வருகிற பெரியவர்களை மேடையில் அறிமுகம் செய்து வைப்பது என் வேலை என்று ஆகிவிட்டது.

பெரியவர்களுக்குக் குறைவே இல்லை. சில ஊர்ச் சங்கங்கள் சேர்ந்தால் ஒரு வட்டாரம், வட்டாரங்கள் சேர்ந்தால் மண்டலம், அதற்கெல்லாம் மேலே மாவட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர். மாவட்டத்தின் தலைவரை மட்டும் ஆளுநர் என்று சொல்லுவோம். விவரம் தெரியாதவர்கள் கிண்டி மாளிகையிலிருந்து ஆள் வருகிறது என்று நினைத்து எழுந்து நிற்பார்கள். எல்லாம் ஒரு வருஷப் பதவிதான். சொந்த வேலையை விட்டுவிட்டு, சொந்தக் காரில் பெட்ரோல் போட்டுக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டும். இதற்கு என்ன போட்டி என்று ஆரம்பத்தில் நான் கேலி பேசியிருக்கிறேன். ஆனால் மைக் கையில் வந்துவிட்டால் என் கேலியெல்லாம் எங்கேயோ போய்விடும். அவர் குடும்பப் பெருமை, படிப்பு, திறந்து வைத்த கட்டிடங்கள் எல்லாம் சொல்லி, ஆளை மேகத்துக்கு மேலே ஏற்றி வைத்துவிட்டுத்தான் இறங்குவேன். அறிமுகத்தைச் சுருக்கமாக முடிக்கும்படி மேலிடத்திலிருந்து சொல்லி அனுப்புவார்கள். அது மற்ற ஊர்க்காரர்களுக்கு என்று எடுத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் கோடை விடுமுறையில் பள்ளிக்கூடத்தில் கண் சிகிச்சை முகாம் நடத்தினோம். பெஞ்சுகளை வெளியே போட்டுவிட்டு, வகுப்பறைகளைக் கழுவி, வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாயும் சுத்தமான துப்பட்டியும் விரித்தோம். சென்னையிலிருந்து டாக்டர் ஒருவர் தம் ஆட்களோடு வந்து கண்புரை எடுத்தார். இன்றைக்குக் காலையில் ஆபரேஷன் செய்துகொண்டு மாலையில் டீ குடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அந்தக் காலம் புரியாது. இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை வைத்து, மல்லாக்கப் படுக்க வைத்துவிடுவார்கள். நாள்கணக்கில் அப்படியே கிடக்க வேண்டும். தும்மக் கூடாது, இருமக் கூடாது, புரளக் கூடாது. சாப்பாடு, தண்ணீர், மலம், மூத்திரம் எல்லாம் படுத்த இடத்திலேயே. அதைப் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் சங்கத்தின் பொறுப்பு.

டாக்டர் அதிகம் பேசமாட்டார். முதல் நாளே எங்களை வரிசையாக நிற்க வைத்து ஒரு சட்டம் போட்டார்.

"தொடறதுக்கு முன்னாடி யாருன்னு சொல்லுங்க. சொல்லாம கை வெச்சா திடுக்கிடுவாங்க. தலை ஆடினா உள்ள இருக்கிற புண்ணு பிரிஞ்சிடும். அப்புறம் நான் செஞ்சதெல்லாம் தண்டம்."

அதனால் முகாமில் யார் எந்தப் பாயருகே போனாலும் தம்மைச் சொல்லிக்கொண்டேதான் போக வேண்டும். பேரைச் சொன்னால் அவர்களுக்கு என்ன தெரியும்? ஆகவே கொண்டு போகிற பொருளைச் சொன்னோம். "தண்ணி வந்திருக்கேன்", "மருந்து வந்திருக்கேன்", "சட்டி வந்திருக்கேன்." இரண்டு நாளில் அதுவே எங்கள் எல்லோருக்கும் பேராகிவிட்டது. வேலை பார்க்கத் துப்பில்லாத எனக்கு விசிறி கொடுத்திருந்தார்கள். "விசிறி, இந்தப் பக்கம் வாப்பா" என்று கூப்பிடுவார்கள்.

எங்கள் மண்டலத் தலைவருக்குப் பேர், கஞ்சி.

வாலாஜாபாத் பக்கம் அரிசி ஆலை வைத்திருந்தவர் அவர். வசதியானவர். அட்டைக் கரி நிறம், குட்டை உருவம், முன்னால் தள்ளிய வயிறு. ஆனால் குரல் இருக்கிறதே, அப்படி ஒரு குரல். கணீரென்று, கனிவாக, கோயிலில் மணி அடித்து ஓய்ந்த பிறகும் காதில் நிற்குமே, அந்த மாதிரி. முகாமைத் திறந்து வைத்துவிட்டுப் போக வந்தவர், போகவே இல்லை. மனைவியையும் வரச் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் பெண்கள் அறையில் மலச் சட்டி எடுத்தார். இவர் ஆண்கள் அறையில் சட்டி எடுத்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து இரண்டு அறைக்கும் கஞ்சி ஊட்டினார். ஒவ்வொரு பாயிலும் மண்டியிட்டு, "நான்தாம்மா, கஞ்சி வந்திருக்கேன். வாயை மட்டும் தொறங்க, தலையை ஆட்டக் கூடாது" என்பார். நான் விசிறிக்கொண்டே பார்ப்பேன். ஆலையில் இவர் ஒரு சத்தம் போட்டால் ஓடி வர எத்தனை பேர் இருந்தார்கள்! இங்கே கிழவர்களின் மோவாயில் வழிந்த கஞ்சியைத் தம் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்துப் போய்விட்டது.

வட்டாரத் தலைவர் சுங்குவார்சத்திரத்துக்காரர். பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர். பள்ளிக்கூடம் பெங்களூர் சாலையை ஒட்டி இருந்தது. லாரிகள் ஹாரன் அடித்தால் உள்ளே படுத்திருப்பவர்கள் உடம்பு தூக்கிப் போடும். இவர் லீவு போட்டுவிட்டு, கையில் ஒரு சிவப்புத் துணியோடு வெயிலில் சாலையில் நின்றுகொண்டார். அந்தத் தடத்தில் ஓடுகிற டிரைவர்கள் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவார். பஸ்ஸில் டிக்கெட் இல்லாதவனை உலுக்கி எடுக்கிற மனுஷன், லாரிக்காரர்களிடம் கெஞ்சிக்கொண்டு நிற்பதைப் பார்க்க வேடிக்கையாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

பெண்கள் அறையில் வல்லத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் படுத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. ஊர் ஊராகத் திரிந்த எவனோ ஒருவன், புரையை ஊசியால் தள்ளிவிடுகிறேன் என்று குத்தி ஒரு கண்ணைப் போக்கிவிட்டான். மிச்சம் இருந்த ஒரு கண்ணிலும் புரை மூடிவிட்டது. அந்தக் கண்ணைத்தான் டாக்டர் அறுத்திருந்தார். போனால் போனதுதான், வேறு கண் இல்லை.

கண்ணோடு நிலமும் போகிற நிலைமை. புருஷன் விட்டுப் போன ஒரு காணி நிலம் அந்த அம்மாளுக்கு இருந்தது. கண் இருந்தவரை நின்று நடவு பார்த்து, களத்தில் நின்று நெல் அளந்து எடுத்துக்கொண்டவர். கண் மங்கியதும் கொழுந்தன் வந்து, "கண்ணு தெரியாத உனக்கு இன்னாத்துக்கு அண்ணி நெலம்? நான் பாத்துக்கிறேன், உனக்குச் சோறு போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டான். அடுத்த பருவத்துக்கு அவனே ஏர் ஓட்டப் போகிறான். இதையெல்லாம் அந்த அம்மாள் மேலே உத்தரத்தைப் பார்த்தபடி, கட்டிய கண்ணோடு, கஞ்சி ஊட்ட வருகிற குரலிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

"கஞ்சி, எனுக்குக் கண்ணு தெரிஞ்சிடுமா?"

"தெரியும்மா. கட்டு பிரிக்கிற வரைக்கும் நான் எங்கியும் போகமாட்டேன். நீ ஆடாம படு, அது போதும்."

மற்றவர்கள் பேச்சை அவர் காதில் வாங்கமாட்டார். நான் ஒருமுறை "ஆடாம படுங்கம்மா" என்றதற்கு, "விசிறிக்கு இன்னா தெரியும்?" என்று கேட்டுவிட்டார். ரோஷமாக இருந்தாலும் நியாயமான கேள்விதான்.

கட்டுப் பிரிக்கிற நாளன்று ஆளுநர் வருவதாக ஏற்பாடு. சென்னையில் மோட்டார் உதிரிபாகம் செய்கிற தொழிலதிபர். பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டோம். மேடையில் மூன்று தலைவர்களுக்கும் உயர்ந்த முதுகு வைத்த நாற்காலி. காலையில் வரவேற்பு, அறிமுகம், மாலை மரியாதை. அதன் பிறகு தலைவர்கள் முன்னிலையில் கட்டுப் பிரிப்பு. நான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து மூன்று பேருக்கும் அறிமுக உரை தட்டச்சு செய்து வைத்திருந்தேன்.

எங்கள் ஊரில் பெரிய மனிதர் வந்தால் வெடி போடாமல் வரவேற்கிற வழக்கமே கிடையாது. கல்யாணத்துக்கு வெடி, கட்சிக் கூட்டத்துக்கு வெடி, ஆளுநருக்கு மட்டும் வெடி இல்லாவிட்டால் எப்படி? எங்கள் பொருளாளர், மளிகைக் கடைக்காரர், பள்ளி வாசலிலிருந்து பந்தல் வரை சரவெடி விரித்து வைத்திருந்தார். அதை நாங்கள் அத்தனை பேரும் தாண்டித் தாண்டி நடந்தோம். ஒருவருக்காவது உறைக்க வேண்டுமே! ஒரு வாரமாக லாரி ஹாரனுக்கு ஆள் நிறுத்தியவர்கள் நாங்கள். கதவு சாத்துகிற சத்தம் கேட்கக் கூடாது என்று கீலுக்கு எண்ணெய் விட்டவர்கள். முகாம் வேறு, வரவேற்பு வேறு என்று மண்டையில் தனித்தனி அறை கட்டி வைத்திருந்தோம் போலிருக்கிறது. விஷயம் தெரிந்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய வட்டாரத் தலைவர் சாலையில் நின்றுகொண்டிருந்தார். டாக்டர் உள்ளே இருந்தார்.

கார் திரும்பியதும் பொருளாளர் பற்ற வைத்தார்.

வெடி வெடித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது, ஆளுநர் புன்னகையோடு காதைப் பொத்திக்கொண்டு இறங்கினார். மாலை போட்டு மேடைக்கு அழைத்துப் போனோம். புகை கலையும் முன்பே நான் மைக்கைப் பிடித்துவிட்டேன். ஆளுநரை வானளாவப் புகழ்ந்தேன். கைதட்டினார்கள். அடுத்து, "நெல்லுக்கு மட்டுமல்ல, நெஞ்சுக்கும் உமி நீக்கத் தெரிந்த எங்கள் மண்டலத் தலைவர் அவர்களே" என்று கையை நீட்டித் திரும்பினேன். நாற்காலி காலியாக இருந்தது.

வந்துவிடுவார் என்று நினைத்தேன். எழுதி வைத்ததை வீணாக்க மனசு வரவில்லை. காலி நாற்காலியைப் பார்த்து அவர் ஆலையைப் பற்றியும் வள்ளன்மையைப் பற்றியும் பேசிக்கொண்டே போனேன். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அப்போதுதான் வட்டாரத் தலைவர் சிவப்புத் துணியும் கையுமாக வகுப்பறைப் பக்கமிருந்து ஓடி வந்தார்.

"சார், மைக்க நிறுத்துங்க. வெடிச் சத்தத்துல வல்லத்து அம்மா எழுந்து உட்காந்துட்டாங்களாம். கட்டுல கை வெச்சிட்டாங்களாம். டாக்டர் சத்தம் போட்டுகினு இருக்காரு."

மைக்கை அப்படியே கீழே வைத்தேன். அந்த ஒரே கண். பொருளாளர் அப்படியே பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆளுநர் எழுந்தார். மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டார், ஷூவைக் கழற்றினார், என்னிடம் "வாங்க" என்றார்.

உள்ளே மண்டலத் தலைவர் அந்த அம்மாளை மறுபடி படுக்க வைத்து, தலைமாட்டில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். தலையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் ஏந்தியிருந்தார். அவர் வயிற்றுக்கு அப்படிக் குனிந்து உட்காருவதே கஷ்டம். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குரல் மட்டும் கொஞ்சமும் நடுங்கவில்லை.

"நான்தாம்மா, கஞ்சி. ஒண்ணுமில்ல, வெறும் பட்டாசு. ஆடாதே. நான் புடிச்சிகினு இருக்கேன்."

முதல் வெடி கேட்டதுமே ஓடி வந்தவர். நான் வெளியே புகழ்ந்துகொண்டிருந்த நேரமெல்லாம் இப்படித்தான் இருந்திருக்கிறார்.

"எங்களால வந்ததா டாக்டர்?" என்று ஆளுநர் மெதுவாகக் கேட்டார்.

"வேற யாரால?" என்றார் டாக்டர். கட்டை லேசாகத் தூக்கிப் பார்த்திருந்தார். "பிரிஞ்சிடுச்சான்னு இப்ப சொல்ல முடியாது. இன்னைக்கு இவங்களுக்குப் பிரிக்கப் போறதில்ல. இன்னும் சில நாள் அசையாம கிடக்கணும். இப்போதைக்கு யாராவது தலையைப் பிடிச்சிக்கிட்டே இருங்க."

மண்டலத் தலைவரின் கைகள் மரத்துப் போய்விட்டன என்பது பார்த்தாலே தெரிந்தது. ஆளுநர் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கையை நீட்டியவரை டாக்டர் தடுத்தார்.

"யாருன்னு சொல்லிட்டுத் தொடுங்க."

ஆளுநர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அம்மா, நான் மாவட்ட ஆளுநர்..."

"இன்னாது?" என்றார் அந்த அம்மாள். குரலில் அழுகையும் பயமும். "யாருப்பா நீ? கஞ்சி, எங்க கீற? கைய எடுக்காத."

ஆளுநர் என்னைப் பார்த்தார். அறிமுகம் செய்வது என் தொழில் அல்லவா? மூன்று பக்கம் தட்டச்சு செய்த காகிதம் என் சட்டைப் பையில் இருந்தது. அதில் இந்த இடத்துக்கு உதவுகிற மாதிரி ஒரு வார்த்தை இல்லை. அவரே யோசித்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நான் கஞ்சியோட சிநேகிதம்மா. அவருக்குக் கை வலிக்குது. கொஞ்ச நேரம் நான் பிடிச்சிக்கட்டுமா?"

அந்த அம்மாள் "கஞ்சிக்குத் தெரிஞ்சவருன்னா சரி" என்றார்.

அன்றைக்கு அப்புறம் மேடையும் இல்லை, மாலையும் இல்லை. மற்ற நோயாளிகளுக்குக் கட்டுப் பிரித்தார்கள். ஆளுநர் மத்தியானம் வரை அந்தத் தலைமாட்டிலேயே இருந்தார். போகும்போது பொருளாளர் தோளில் கை வைத்து, "நீங்க எனக்காகத்தான் வெடிச்சீங்க. இதுல என் பங்கும் இருக்கு" என்று மட்டும் சொன்னார். பெரிய மனிதர்கள் தப்பைக் கீழே இருப்பவன் தலையில் கட்டிவிட்டுக் காரில் ஏறுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் இது என் மனசில் நின்றுவிட்டது.

பள்ளிக்கூடம் காலியானது. வல்லத்து அம்மாள் ஒருவர் மட்டும் படுத்திருந்தார். மண்டலத் தலைவரும் அவர் மனைவியும் வீட்டுக்குப் போகவில்லை. ஆலையிலிருந்து ஆள் மேல் ஆள் வந்தது. எல்லோரையும் வாசலோடு அனுப்பினார். பொருளாளர் கடையை மைத்துனனிடம் விட்டுவிட்டுத் தினமும் வந்து, உள்ளே போகத் தைரியம் இல்லாமல், வெடித் தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருப்பார். நான் விசிறினேன். ஒருநாள் அந்த அம்மாள் கேட்டார்: "விசிறி, நெஜத்த சொல்லு. கண்ணு போயிடுச்சா?" தெரியாது என்று சொன்னேன். "உன் வாயில இருந்து வந்த மொத நல்ல பேச்சு" என்றார்.

பிரிக்கிற நாள் வந்தது. ஆளுநர் வரவேற்பு வேண்டாம் என்று காரைத் தண்டலத்திலேயே நிறுத்திவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். அதில் டிக்கெட் பார்க்க ஏறியிருந்த வட்டாரத் தலைவர்தான் பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்டு, தாமும் இறங்கினார். ஆளுநரிடமும் டிக்கெட் கேட்டீர்களா என்று அவரைக் கேட்டேன். "கேட்டேன் சார், வெச்சிருந்தாரு" என்றார். வல்லத்திலிருந்து கொழுந்தனும் மாட்டு வண்டியோடு வந்து கதவருகே நின்றான். அண்ணியை எப்படித் திருப்பி அழைத்துப் போகப் போகிறோம் என்பதில் அவனுக்குச் சந்தேகம் ஏதும் இருந்த மாதிரி தெரியவில்லை.

டாக்டர் சன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டுக் கட்டைப் பிரித்தார். பஞ்சை எடுத்தார். பொருளாளர் வெளியே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். டாக்டர் விரல்களைக் காட்டினார்.

"எத்தனை?"

"மசமசன்னு கீது. ரெண்டு."

டாக்டர் பெட்டியிலிருந்து தடித்த சோடாப்புட்டிக் கண்ணாடி ஒன்றை எடுத்து மாட்டினார். அந்த அம்மாள் கண்ணை மூடி மூடித் திறந்தார். தலையை மெல்லத் திருப்பினார். முதலில் கதவைத்தான் பார்த்தார்.

"அது யாரு, என் கொழுந்தனா? அடப்பாவி, மீசையெல்லாம் நரைச்சிப் போச்சே!"

பொருளாளர் வெளியே சத்தம் போட்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை. கொழுந்தன் தன்னை அறியாமல் மீசையைத் தொட்டுப் பார்த்தான்.

"கஞ்சி எங்க?" என்றார் அந்த அம்மாள்.

மண்டலத் தலைவர் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அத்தனை மேடை ஏறிய மனிதருக்கு வெட்கம் வந்துவிட்டது. அவர் மனைவி முன்னால் தள்ளிவிட்டார். அந்த அம்மாளின் பார்வை ஆளுநரை, வட்டாரத் தலைவரை, என்னையும் தாண்டிப் போனது. மண்டலத் தலைவரிடம் வந்தபோதும் தாண்டித்தான் போனது.

"நான்தாம்மா" என்றார் இவர்.

அந்த அம்மாள் திரும்பினார். மேலும் கீழும் பார்த்தார்.

"நீயா? உன் கொரலக் கேட்டு செவப்பா, ஒசரமா ஒருத்தருன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்!"

எல்லோரும் சிரித்தோம். டாக்டர்கூடச் சிரித்தார். மண்டலத் தலைவர் சிரிக்கப் பார்த்து, முடியாமல், துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். பழக்க தோஷம், "அம்மா, இவர் யார் தெரியுமா? எங்கள் மண்டலத்..." என்று ஆரம்பித்தேன்.

"நீ இரு விசிறி" என்றார் அந்த அம்மாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். கொழுந்தனைக் கை காட்டி அருகே கூப்பிட்டார். மண்டலத் தலைவர் பக்கம் கையை நீட்டினார்.

"இவரு கஞ்சி. எனுக்கு அண்ணன். நல்லாப் பாத்து வெச்சுக்க."

கொழுந்தன் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மண்டலத் தலைவரைப் பார்த்துக் கும்பிட்டான். இவரும் பதிலுக்குக் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற ஆளுநரும், ஏதோ அப்போதுதான் முதன்முதலாக அவரைச் சந்திப்பவர் போலக் கை கூப்பினார். வண்டியில் ஏறியதும் அந்த அம்மாள் கண்ணாடியை அழுத்தி மாட்டிக்கொண்டு கொழுந்தனிடம் கேட்டார்.

"ஏரி மதகு பக்கமா ஓட்டு. என் நெலத்துல ஏர் ஓட்டிட்டியா, இல்ல நான்தான் ஓட்டணுமா?"

"நீயே ஓட்டு அண்ணி" என்றான் அவன்.